பாறசாலை ரப்பர் ஷீட்டும் பிரஸ்ஸல்ஸ் விதியும்: வணிகக் கொள்கையை எழுதுவது யார்?

திருவனந்தபுரம்: கேரளத்தின் தென்கோடியில் உள்ள பாறசாலையிலிருந்து மலையடிவாரம் நோக்கிச் சென்றால் குன்னத்துக்கால், பனச்சமூடு, வெள்ளறடை என ரப்பர் தோட்டங்கள் தொடர்கின்றன. எல்லைக்கு அப்பால், தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் அருமனை, குலசேகரம் வட்டாரங்களிலும் அதே மரம், அதே பால்வெட்டு, அதே புகையூட்டிய ஷீட். இப்பகுதியில் ஒரு கிலோ ஷீட்டுக்குக் கிடைக்கும் விலையை உள்ளூர்ச் சந்தை மட்டும் தீர்மானிப்பதில்லை. புதுதில்லி விதிக்கும் இறக்குமதி வரி, தென்கிழக்காசிய நாடுகளுடனான ஒப்பந்தம், ஐரோப்பிய ஒன்றியம் இயற்றும் சட்டம் ஆகிய அனைத்துக்கும் அதில் பங்கு உண்டு.

இந்த முடிவுகள் ஒவ்வொன்றும் எடுக்கப்படும் முன்பு, பாதிக்கப்படும் தரப்புகள் அரசை அணுகுகின்றன, மனு அளிக்கின்றன, புள்ளிவிவரங்களை முன்வைக்கின்றன. 'லாபி' என்று பொதுவாக அழைக்கப்படும் இந்தச் செல்வாக்குப் பணி மக்களாட்சியில் இயல்பானதே. ஆனால், எல்லாத் தரப்புக்கும் அந்த மேசையில் ஒரே அளவு இடம் கிடைப்பதில்லை. வணிகக் கொள்கையும் மனித உரிமை சார்ந்த வெளியுறவுக் கொள்கையும் இதனால் எவ்வாறு உருமாறுகின்றன என்பதை ரப்பரின் கதை தெளிவாகக் காட்டுகிறது.

எல்லை தாண்டாத ஆதரவு விலை

1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய பகுதிகளுள் ஒன்றான நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நீடித்தது. பாறசாலையும் களியக்காவிளையும் அருகருகே இருந்தும் இரு மாநிலங்களின் ஊர்களாயின.

சரக்கு மற்றும் சேவை வரி 2017 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பிறகு, மாநில எல்லையில் வணிகவரிச் சாவடிகளின் காலம் முடிந்தது. சரக்கைப் பொறுத்தவரை எல்லை ஏறத்தாழ மறைந்துவிட்டது. விலை ஆதரவைப் பொறுத்தவரை அது இன்னும் இருக்கிறது.

2011 ஏப்ரலில் ஒரு கிலோ ஆர்எஸ்எஸ்-4 ரக ரப்பர் சுமார் 240 ரூபாய்க்கு விற்றது. 2016 தொடக்கத்தில் அது 100 ரூபாய்க்கும் கீழே சரிந்தது. இந்தச் சரிவுக்கிடையே, அன்றைய நிதியமைச்சர் கே.எம். மாணி தாக்கல் செய்த 2015-16ஆம் ஆண்டு கேரள பட்ஜெட்டில், கிலோவுக்கு 150 ரூபாயை உறுதி செய்யும் ஊக்கத்தொகைத் திட்டம் அறிவிக்கப்பட்டது. சந்தை விலைக்கும் ஆதரவு விலைக்கும் உள்ள வேறுபாட்டை அரசு விவசாயியின் வங்கிக் கணக்கில் செலுத்தும் ஏற்பாடு இது. ஆதரவு விலை 2021இல் 170 ரூபாயாகவும், 2024இல் 180 ரூபாயாகவும், 2025 நவம்பரில் 200 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது.

இத்திட்டம் கேரளத் தோட்டங்களுக்கு மட்டுமே உரியது. வேலிக்கு இப்பால் உள்ள விவசாயிக்கு அந்தப் பாதுகாப்பு உண்டு. அப்பால் உள்ளவருக்கு இல்லை. கோட்டயம், பாலா போன்ற மத்திய திருவிதாங்கூர் பகுதிகளில் ரப்பர் விவசாயிகள் தேர்தல் வெற்றியையே தீர்மானிக்கும் வாக்கு வங்கியாக விளங்குவதும், கேரள காங்கிரஸ் கட்சிகள் அவர்களது குரலாகச் செயல்படுவதும் இத்திட்டம் உருவானதற்கு முக்கியக் காரணங்கள். தமிழ்நாட்டில் ரப்பர் ஏறத்தாழ ஒரே மாவட்டத்தின் பயிர் என்பதால் அத்தகைய அரசியல் வலு உருவாகவில்லை.

வரி விதியில் ஒளிந்திருக்கும் கணக்கு

மாநில அரசு தரும் ஆதரவு விலை ஒரு பக்கம் இருக்க, சந்தை விலையைப் பெரிதும் பாதிப்பது இறக்குமதி. அதன் கடிவாளம் மத்திய அரசிடம் உள்ளது. உலர் இயற்கை ரப்பர் மீதான இறக்குமதி வரி 2015இல் 20 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாக உயர்த்தப்பட்டது. ஆனால் விதியின் முழு வாசகம், '25 சதவீதம் அல்லது கிலோவுக்கு 30 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது' என்பதாகும்.

இந்தப் பிற்சேர்க்கையின் விளைவை ஓர் எளிய கணக்கால் அறியலாம். இறக்குமதி ரப்பரின் விலை கிலோ 100 ரூபாய் எனில் வரி 25 ரூபாய். விலை 200 ரூபாய் எனில் 25 சதவீத வீதப்படி 50 ரூபாய் வர வேண்டும். ஆனால் உச்சவரம்பு காரணமாக 30 ரூபாய்தான் வசூலாகும். அதாவது உண்மையான வரி 15 சதவீதமே. விலை 120 ரூபாயைத் தாண்டியவுடன், அது ஏற ஏற வரியின் பாதுகாப்பு சதவீத அளவில் இறங்கிக்கொண்டே வருகிறது. இறக்குமதி செய்யும் ஆலைக்கு இது பயனளிக்கிறது.

வரியை மேலும் உயர்த்த வேண்டும் என்ற கோரிக்கைக்கு, உலக வர்த்தக அமைப்பில் இந்தியா ஏற்றுக்கொண்ட உச்சவரம்பே 25 சதவீதம் என்று மத்திய அரசு பதிலளித்து வருகிறது. அவ்வமைப்பின் வகைப்பாட்டில் இயற்கை ரப்பர் வேளாண் விளைபொருளாகக் கருதப்படுவதில்லை. தொழில்துறைப் பொருளாகவே கணக்கிடப்படுகிறது. மரத்திலிருந்து பால் வெட்டி எடுக்கும் விவசாயிக்கு இந்த வகைப்பாடு விந்தையாகத் தோன்றலாம். ஆனால், உலக வர்த்தக அமைப்பின் வேளாண்மை ஒப்பந்தத்தில் விவசாயிகளுக்கு இடமளிக்கும் சலுகைகள் ரப்பருக்குக் கிடைக்காமல் போனதற்கு அதுவே அடிப்படை.

டயர் ஆலைகளின் வாதம்

நாட்டில் நுகரப்படும் இயற்கை ரப்பரின் பெரும்பகுதி டயர் உற்பத்திக்குச் செல்கிறது. முன்னணி நிறுவனங்களின் கூட்டமைப்பான வாகன டயர் உற்பத்தியாளர் சங்கம் ஒவ்வோர் ஆண்டும் பட்ஜெட்டுக்கு முன்பு தனது கோரிக்கைகளை மத்திய அரசிடம் அளிக்கிறது. உள்நாட்டு உற்பத்தி தேவைக்குப் போதவில்லை. மூலப்பொருள் மீதான வரி, முடிவுற்ற டயர் மீதான வரியைவிடக் கூடுதலாக உள்ளது. இதனால் இந்திய ஆலைகள் போட்டியில் பின்தங்குகின்றன என்பது அதன் வாதம்.

இந்த வாதத்துக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 2023-24ஆம் ஆண்டில் நாட்டின் இயற்கை ரப்பர் உற்பத்தி சுமார் 8.57 லட்சம் டன்னாகவும், நுகர்வு சுமார் 14.16 லட்சம் டன்னாகவும் இருந்தது. இந்தப் பற்றாக்குறையை இறக்குமதி மூலமே ஈடுகட்ட முடியும். பற்றாக்குறையைக் குறைக்க வடகிழக்கு மாநிலங்களில் 2 லட்சம் ஹெக்டேரில் ரப்பர் பயிரிடும் திட்டத்துக்கு, அச்சங்கத்தின் உறுப்பு நிறுவனங்கள் 1,000 கோடி ரூபாய் அளிக்க 2021இல் ரப்பர் வாரியத்துடன் உடன்பாடு ஏற்பட்டது.

விவசாயிகள் தரப்பு வேறொன்றைச் சுட்டிக்காட்டுகிறது. மூலப்பொருளுக்குச் சந்தையைத் திறந்துவிடக் கோரும் அதே தொழில்துறை, தனது உற்பத்திப் பொருளுக்குப் பாதுகாப்பைப் பெற்றுள்ளது. 2020 ஜூனில் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம், வாகன டயர்களின் இறக்குமதியைத் தடையற்ற பட்டியலிலிருந்து கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலுக்கு மாற்றியது. உரிமம் இன்றி அவற்றை இறக்குமதி செய்ய இயலாது என்பதே அதன் பொருள்.

சங்கமாகத் திரள்வது வலிமை தரும். அதற்கு வரம்பும் உண்டு. டயர் விலை நிர்ணயத்தில் கூட்டாகச் செயல்பட்டதாகக் கூறி, இந்தியப் போட்டி ஆணையம் ஐந்து பெரிய டயர் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 1,788 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2018 ஆகஸ்ட்டில் பிறப்பிக்கப்பட்ட இந்த உத்தரவு 2022 பிப்ரவரியில் வெளியானது. சங்கத்தின் வாயிலாக விலை சார்ந்த தகவல்கள் பரிமாறப்பட்டதாகவும் ஆணையம் கூறியிருந்தது. நிறுவனங்கள் இதை மறுத்து மேல்முறையீடு செய்தன. தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், 2022 டிசம்பரில் இவ்வழக்கை மறுபரிசீலனைக்காக ஆணையத்துக்கே திருப்பி அனுப்பியது.

விவசாயிகளின் அழுத்தமும் பலன் தந்ததுண்டு

அரசியல் அழுத்தம் ஒரு தரப்பின் ஆயுதம் மட்டுமன்று. 2009 ஆகஸ்ட் 13 அன்று பாங்காக்கில் இந்தியா - ஆசியான் சரக்கு வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது. தாய்லாந்து, இந்தோனேசியா, வியட்நாம், மலேசியா ஆகிய பெரும் ரப்பர் உற்பத்தி நாடுகள் ஆசியான் உறுப்பினர்கள் என்பதால் கேரளத்தில் கடும் எதிர்ப்பு எழுந்தது. அன்றைய முதலமைச்சர் வி.எஸ். அச்சுதானந்தன் தலைமையிலான அரசு ஒப்பந்தத்தை எதிர்த்தது. அக்டோபர் 2 அன்று இடதுசாரி ஜனநாயக முன்னணி காசர்கோட்டிலிருந்து திருவனந்தபுரம் வரை மனிதச் சங்கிலி நடத்தியது. இயற்கை ரப்பர், வரிக் குறைப்பு இல்லாத விலக்குப் பட்டியலில் இடம்பெற்றிருந்தது. மிளகு, தேயிலை, காப்பி ஆகியவை படிப்படியான வரிக் குறைப்புக்கு உள்ளாயின.

ஆயினும் விலக்குப் பட்டியல் முழு அரணாக அமையவில்லை. ரப்பருடன் வேறு பொருள்களைச் சேர்த்துத் தயாரிக்கப்படும் கலவை ரப்பர், வேறு வரித் தலைப்பின் கீழ் குறைந்த வரியில் வந்து சேர்ந்தது. நீண்டகாலக் கோரிக்கைக்குப் பின்னர், 2023-24ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் இதன் வரி 10 சதவீதத்திலிருந்து, இயற்கை ரப்பருக்கு உள்ளதைப் போலவே, '25 சதவீதம் அல்லது கிலோவுக்கு 30 ரூபாய்' என மாற்றப்பட்டது. எனினும் ஆசியான் நாடுகளிலிருந்து சலுகை வரியில் வரும் கலவை ரப்பரை இது கட்டுப்படுத்தவில்லை என விவசாயிகள் குறை கூறுகின்றனர்.

2023 மார்ச்சில் தலச்சேரி பேராயர் ஜோசப் பாம்பிளானி, ரப்பருக்குக் கிலோ 300 ரூபாய் தர மத்திய அரசு முன்வந்தால் கேரளத்திலிருந்து பாஜகவுக்கு ஒரு மக்களவை உறுப்பினர் கூட இல்லை என்ற குறையைத் தீர்த்துவைப்போம் என்ற பொருளில் பேசியது பெரும் விவாதமானது. ரப்பர் வாரியக் கணக்கின்படி நாட்டில் சுமார் 13 லட்சம் ரப்பர் விவசாயிகள் உள்ளனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் சிறு தோட்டக்காரர்கள். அவர்களது பலம் வாக்குச்சீட்டில் உள்ளது. அது தேர்தல் காலத்தில் மட்டுமே ஓங்கி ஒலிக்கிறது. ஆலைகளின் பலமோ ஆண்டு முழுவதும் செயல்படும் அலுவலகங்களிலும் வல்லுநர்களிலும் உள்ளது.

மனித உரிமை, வணிக விதியாகும்போது

விலையும் வரியும் மட்டுமே வணிகக் கொள்கை அல்ல. ஒரு பொருள் எவ்வாறு, எத்தகைய உழைப்பால் தயாரிக்கப்பட்டது என்ற கேள்வியும் இப்போது அதில் சேர்ந்துள்ளது. இங்கும் தொழில்துறையின் தேவைகள் விதியின் வாசகத்தைத் தீர்மானித்துள்ளன.

கட்டாய உழைப்பில் தயாரான பொருள்களை இறக்குமதி செய்ய அமெரிக்காவின் 1930ஆம் ஆண்டு சுங்கவரிச் சட்டத்தின் 307ஆவது பிரிவு தடை விதிக்கிறது. ஆனால், உள்நாட்டில் போதிய அளவு உற்பத்தியாகாத பொருளுக்குத் தடை பொருந்தாது என்ற விதிவிலக்கும் உடன் இருந்தது. அமெரிக்காவில் விளையாத ரப்பர் போன்ற பொருள்கள் இந்த வாசல் வழியே தடையின்றி நுழைய முடிந்தது. 86 ஆண்டுகள் நீடித்த அந்த விதிவிலக்கு 2016 பிப்ரவரியில்தான் நீக்கப்பட்டது.

அதன் விளைவு நான்கு ஆண்டுகளில் ரப்பர் துறையிலேயே தெரிந்தது. கொரோனா பெருந்தொற்றின்போது உலகெங்கும் கையுறைகளுக்குத் தட்டுப்பாடு நிலவிய 2020 ஜூலையில், உலகின் மிகப்பெரிய ரப்பர் கையுறை உற்பத்தியாளரான மலேசியாவின் டாப் குளோவ் குழும நிறுவனங்கள் இரண்டின் பொருள்களுக்கு அமெரிக்க சுங்கத்துறை தடை விதித்தது. வங்கதேசம், நேபாளம் உள்ளிட்ட நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர்கள், வேலையில் சேரும் முன்பே பெருந்தொகையை முகவர்களுக்குக் கட்டணமாகச் செலுத்திக் கடனில் சிக்கியிருந்தது முக்கியக் குற்றச்சாட்டு. நிறுவனம் 10 கோடி ரிங்கிட்டுக்கும் மேலான தொகையைத் தொழிலாளர்களுக்குத் திருப்பித் தந்த பின், 2021 செப்டம்பரில் தடை விலகியது. சந்தை கைநழுவும் என்ற அச்சம், நெடுங்காலமாகத் தீராத ஒரு குறையை ஏறத்தாழ 14 மாதங்களில் தீர்த்துவைத்தது.

தளர்ந்துகொண்டே போகும் ஐரோப்பிய விதிகள்

காடழிப்புக்கு எதிரான ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் 2023 ஜூன் மாதம் அமலுக்கு வந்தது. 2021 நவம்பரில் ஐரோப்பிய ஆணையம் முன்மொழிந்த வரைவில் ரப்பர் இல்லை. சுற்றுச்சூழல் அமைப்புகளின் வலியுறுத்தலுக்கும் ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் திருத்தத்துக்கும் பின்னரே அது சேர்க்கப்பட்டது. 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்து உருவாக்கிய தோட்டத்தின் ரப்பரை ஐரோப்பியச் சந்தையில் விற்க முடியாது. ஒவ்வொரு தோட்டத்தின் புவியிட விவரமும் தரப்பட வேண்டும். தொழிலாளர் உரிமை, மனித உரிமை ஆகியவை தொடர்பான உள்நாட்டுச் சட்டங்கள் பின்பற்றப்பட்டதும் உறுதி செய்யப்பட வேண்டும்.

2024 டிசம்பரில் நடைமுறைக்கு வரவேண்டிய இந்த நிபந்தனைகள், தொழில்துறையும் ஏற்றுமதி நாடுகளும் அளித்த அழுத்தத்துக்கிடையே முதலில் ஓராண்டும், பின்னர் மேலும் ஓராண்டும் தள்ளிவைக்கப்பட்டன. பெருநிறுவனங்கள் தமது விநியோகச் சங்கிலியில் நிகழும் மனித உரிமை மீறல்களுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற 2024ஆம் ஆண்டின் மற்றொரு ஐரோப்பியச் சட்டமும் தப்பவில்லை. 1,000 ஊழியர்களுக்கு மேல் உள்ள நிறுவனங்களுக்கு எனத் தொடங்கிய அதன் எல்லை, 2025 டிசம்பரில் எட்டப்பட்ட உடன்பாட்டில் 5,000 ஊழியர்கள் எனச் சுருங்கியது. போட்டித்திறன் குறையும் என்ற நிறுவனங்களின் வாதமே இதற்கு அடிப்படையாக அமைந்தது.

சிறு தோட்டக்காரருக்கு இதில் இரட்டை நிலை. விதி கடுமையானால் நில வரைபடம், ஆவணம் ஆகியவற்றுக்கான சுமை அவர் மீது இறங்கும். விதி தளர்ந்தால், காடழித்தோ குறைகூலி கொடுத்தோ மலிவாகத் தயாராகும் ரப்பருடன் அவர் போட்டியிட வேண்டும். பல தலைமுறைகளாகப் பயிரிடப்பட்ட நிலத்தை வைத்திருக்கும் பாறசாலை, வெள்ளறடை வட்டார விவசாயிக்கு, சான்று பெறும் செலவை வேறொருவர் ஏற்றால், கடுமையான விதி நன்மையாகவே முடியக்கூடும். இந்திய ரப்பரின் நிலைத்தன்மையைச் சான்றளிக்கும் 'ஐஎஸ்என்ஆர்' என்ற ஏற்பாட்டை ரப்பர் வாரியம் 2025 ஜனவரியில் தொடங்கியது இந்த வாய்ப்பைக் கருதியே.

இலங்கை தரும் பாடம்

வணிகச் சலுகையை மனித உரிமையுடன் பிணைக்கும் அணுகுமுறையின் பலத்தையும் வரம்பையும் தமிழ் வாசகர்கள் இலங்கையில் கண்டுள்ளனர். ஐக்கிய நாடுகள் அவையின் மூன்று மனித உரிமை உடன்படிக்கைகளைச் செயல்படுத்துவதில் குறைபாடு உள்ளதாகக் கூறி, ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஆகஸ்ட் 15 முதல் இலங்கைக்கான 'ஜிஎஸ்பி பிளஸ்' வரிச் சலுகையை நிறுத்தியது. ஆடை ஏற்றுமதித் துறை பாதிக்கப்பட்டது; அதில் பணிபுரிவோரில் பெரும்பாலோர் பெண்கள். ஆட்சி மாற்றத்துக்குப் பின் 2017 மே மாதம் சலுகை திரும்பியது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தைச் சுட்டிக்காட்டி, சலுகையைத் தற்காலிகமாக விலக்கிக்கொள்வது குறித்துப் பரிசீலிக்குமாறு 2021 ஜூனில் ஐரோப்பிய நாடாளுமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. இலங்கை அரசு 2022இல் அச்சட்டத்தில் திருத்தங்களைச் செய்தது, சட்டம் நீங்கவில்லை.

சலுகையை இழக்க விரும்பாத ஏற்றுமதியாளர்கள் பிரஸ்ஸல்ஸில் தளர்வையும் கொழும்பில் சீர்திருத்தத்தையும் ஒருசேர நாட வேண்டிய நிலை ஏற்பட்டது. தொழில்துறையின் செல்வாக்கு எப்போதும் உரிமைகளுக்கு எதிராகவே நிற்கும் என்பதில்லை. அதன் நலன் எந்தத் திசையில் உள்ளதோ அந்தத் திசையில் அது செல்லும். அந்தத் திசையைத் தீர்மானிப்பது விதியின் வலிமை.

பதிவேடு இல்லாத மேசை

தொழிலாளர் தரத்தையும் மனித உரிமையையும் வணிக ஒப்பந்தங்களுடன் இணைப்பதை இந்தியா நெடுங்காலமாக எதிர்த்து வந்துள்ளது. 1996இல் சிங்கப்பூரில் நடைபெற்ற உலக வர்த்தக அமைப்பின் அமைச்சர்கள் மாநாட்டில், தொழிலாளர் தரம் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் பொறுப்பு என்ற பிரகடனம் உருவானதில் வளரும் நாடுகளின் பங்கு பெரிது. செல்வந்த நாடுகள் உரிமையின் பெயரால் தமது ஆலைகளைப் பாதுகாக்கின்றன என்ற ஐயம் அதன் பின்னணி. அந்த ஐயத்தில் நியாயம் உண்டு. அதே நிலைப்பாடு குறைகூலியை நம்பிய உள்நாட்டு ஏற்றுமதியாளருக்கும் வசதியாக உள்ளது என்பதும் உண்மையே.

இந்த நலன்கள் எந்த அளவுக்குக் கொள்கையைத் தீர்மானிக்கின்றன என்பதை அறிய இந்தியாவில் வழி குறைவு. அமெரிக்காவில் 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி, யார், எதற்காக, எவ்வளவு செலவிட்டு அரசை அணுகினர் என்பதைப் பதிவு செய்ய வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்திலும் வெளிப்படைத்தன்மைப் பதிவேடு உள்ளது. இந்தியாவில் அத்தகைய சட்டம் இல்லை. வால்மார்ட் நிறுவனம் இந்தியச் சந்தையில் நுழைவது உள்ளிட்ட நோக்கங்களுக்காகச் செய்த செலவு 2012இல் இங்கு தெரியவந்ததே, அமெரிக்க செனட்டில் அது தாக்கல் செய்த அறிக்கைகள் மூலம்தான். அதையொட்டி நீதிபதி முகுல் முத்கல் தலைமையில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. 2013இல் மக்களவையில் காலிகேஷ் சிங் தேவ் கொண்டுவந்த லாபி நடவடிக்கைகளை வெளிப்படுத்தும் தனிநபர் மசோதா சட்டமாகவில்லை.

சட்ட வரைவுகளை 30 நாள்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்ற கொள்கை 2014 முதல் உள்ளது. வணிக ஒப்பந்தங்களின் பேச்சுவார்த்தை வரைவுகள் அவ்வாறு வைக்கப்படுவதில்லை. சர்வதேச ஒப்பந்தங்களைச் செய்துகொள்வது அரசின் நிர்வாக அதிகாரத்துக்கு உட்பட்டது. அவற்றுக்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் கட்டாயமன்று. சுங்கவரி விகிதங்களோ பெரும்பாலும் அறிவிக்கைகள் மூலம் மாற்றப்படுகின்றன.

ஆசியான் ஒப்பந்தம் மறுஆய்வில் உள்ளது. ஐரோப்பாவின் காடழிப்புத் தடை விதிகள் பெரிய நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் 30 முதலும், சிறு நிறுவனங்களுக்கு 2027 ஜூன் 30 முதலும் நடைமுறைக்கு வர வேண்டும். இரண்டிலும் எடுக்கப்படும் முடிவு பாறசாலையிலும் களியக்காவிளையிலும் ரப்பர் ஷீட்டின் விலையாக எதிரொலிக்கும். எந்தத் தரப்பு எதைக் கோரியது, அரசு எதை ஏற்றது என்பது முன்கூட்டியே பதிவாகி வெளியானால், சிறு தோட்டக்காரரும் பால்வெட்டுத் தொழிலாளியும் தமது கோரிக்கையை உரிய நேரத்தில் முன்வைக்க முடியும். இப்போது அவர்கள் முடிவை அறிந்துகொள்வது அறிவிக்கை வெளியான பிறகே.